எதிர் கேலரியில் ஒருவர்

"அந்த ஆளைப் பாரு. ஓசூர்ல உக்காந்துக்கிட்டு பெங்களூருக்குக் கத்துறான்" என்றான் நவீன்குமார்.

அனிதா பார்த்தாள். எதிர்ப்பக்க கேலரியில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தனியாக நின்றிருந்தார். பெங்களூர்ப் பெண்கள் பந்தை எடுக்கும்போதெல்லாம் கன்னடத்தில் குரல் கொடுத்தார்.

"ஹெதரபேட மகளே!"

பயப்படாதே மகளே. ஓசூரில் அதற்கு யாருக்கும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பக்கம் நானூறு பேர். அந்தப் பக்கம் அவர் ஒருவர்தான்.

கல்லூரிப் பெண்களுக்கான கூடைப்பந்து இறுதி ஆட்டம். இரண்டு வருடமாக இதே பெங்களூர் அணியிடம்தான் ஓசூர் தோற்கிறது. நவீனும் அனிதாவும் இந்த ஓசூர்க் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். இப்போது சூளகிரிப் பக்கம் ஒரே கம்பெனியில் வேலை. தன் கல்லூரி ஒரு தடவையாவது ஜெயிப்பதைப் பார்த்துவிட வேண்டும் என்று, சூப்பர்வைசர் சென்னப்பனிடம் கெஞ்சி ஷிஃப்டை மாற்றிக்கொண்டு, யூனிஃபார்மோடு வந்திருந்தான் நவீன்.

புது உள்ளரங்கம் இருவருக்கும் பிடித்துப்போனது. அவர்கள் படித்த காலத்தில் சிமெண்ட் தரை, தலைக்கு மேல் வெயில். பந்து காம்பவுண்டைத் தாண்டினால் ஆட்டம் நின்றுவிடும். இப்போது மரத்தரை. ஷூ தேயும் சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது. மைக்கில் பேசியவர் என்ன சொன்னார் என்பதுதான் புரியவில்லை. தகரக் கூரை ஒவ்வொரு வார்த்தையையும் இரண்டு தடவை சொன்னது.

நவீனின் இன்னொரு குறை, ஓசூர் அணியின் பதினொன்றாம் நம்பர் அதியா. அவள் தூரத்திலிருந்து எறிந்த நான்கு பந்தும் வளையத்தில் பட்டுத் தெறித்திருந்தன. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு வந்திருக்கிறாளா என்று கேட்டான். கோச் அவளை பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும் என்றான். மனசு ஆட்டத்திலேயே இல்லை என்றான்.

"கூடையில விழுறது மட்டும்தான் உன் கண்ணுக்குத் தெரியும்" என்றாள் அனிதா. "பிரியா போட்ட பத்து பாயிண்டும் யாரு குடுத்த பாஸு?"

பெங்களூர் ஏழாம் நம்பர் பெண் ஃப்ரீ த்ரோ எடுக்க நின்றாள். இந்த ஊர் வழக்கப்படி நானூறு பேரும் பெஞ்சைத் தட்டினார்கள். அவள் முகம் வெளுத்தது. அவ்வளவு இரைச்சலுக்கும் மேலாக அந்த ஒற்றைக் குரல் எழுந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள், லேசாகச் சிரித்தாள், இரண்டையும் போட்டாள்.

"கத்திக் கத்தியே தெம்பு ஏத்திட்டான் பாரு. கர்நாடகாக்காரன், அதான்."

"கன்னடம் பேசினா கர்நாடகாவா? உங்க வீட்ல என்ன பேசுறீங்க?"

"தெலுங்கு. அது வேற."

அனிதா சிரித்த சிரிப்பில் முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

ஆறு விநாடி மிச்சம். ஓசூர் ஐம்பத்தொன்று, பெங்களூர் ஐம்பத்திரண்டு. எறியப் போன அதியாவின் கையை யாரோ தட்டிவிட, நடுவர் விசில் ஊதினார். இரண்டு ஃப்ரீ த்ரோ.

நானூறு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். எதிர்ப்பக்கம் அந்த மனிதர் முதல் தடவையாக உட்கார்ந்தார். கண்கள் மூடியிருந்தன. உதடு மட்டும் அசைந்தது.

"விழக் கூடாதுன்னு வேண்டிக்கிறான்" என்றான் நவீன்.

முதல் பந்து வளையத்தின் மேலேயே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளே விழுந்தது. இரண்டாவது வளையத்தைத் தொடவே இல்லை. வலை மட்டும் அசைந்தது.

மிச்ச விநாடிகளில் ஏழாம் நம்பர் பந்தைத் தட்டிக்கொண்டு பாய்ந்தாள். அந்த மனிதர் துள்ளி எழுந்து, ஓடு மகளே ஓடு என்று தொண்டை கிழியக் கத்தினார். அவள் எறிந்தது வளையத்தில் மோதி வெளியே வந்தது. மணி அடித்தது.

நவீன் பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத ஒருவரைத் தூக்கிச் சுற்றினான். அனிதா பெஞ்சின் மேல் ஏறிக் குதித்தாள். குதித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எல்லோரும் வாசல் பக்கம் நகர, நவீன் மட்டும் எதிர்ப்பக்கம் நடந்தான். அந்த ஆளை ஒரு வார்த்தை கேட்காமல் அவனால் வீட்டுக்குப் போக முடியாது. வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அனிதாவும் பின்னால் போனாள்.

"என்ன சார், உங்க டீம் போச்சுபோல?"

கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. "நல்லா ஆடினாங்கப்பா. ரெண்டு பக்கமும்" என்றார், சுத்தமான கிருஷ்ணகிரித் தமிழில். முகத்தில் தோற்றவனின் களையே இல்லை.

அதற்குள் அதியா வேர்வையோடு அந்தப் பக்கமாக ஓடிவந்தாள். நவீன் கையை நீட்டினான்.

"பிரமாதம்மா. நீ கடைசில காப்பாத்துவேன்னு எனக்கு மொதல்லயே தெரியும்."

அனிதா மேலே கூரையைப் பார்த்துக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணு" என்றான் நவீன், அவரைக் காட்டி. "இவரு நம்ம ஊர்ல இருந்துக்கிட்டு ஆட்டம் முழுக்க அவங்களுக்கே கத்தினாரு. உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ண்ணா. எங்க அத்தா" என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள் அதியா. "நான்தான் இந்தப் பக்கம் உக்காரச் சொன்னேன். போன வருஷம் அவங்க ஊர்ல ஆடுனப்ப, எங்களுக்குக் கத்த ஒருத்தர்கூட இல்லை."