ஏழாவது தேவை

முகமது ரஃபீக் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, சங்கிலியை நேராக, வீட்டுக்குள்ளேயே மிதிப்பதற்கான பயிற்சிக் கருவியின் பல்சக்கரத்தில் மாட்டினான்.

பக்கத்தில் இன்னொரு சைக்கிள் நின்றது. அதன் பின்சக்கரம் கழற்றப்படாமல் ஓர் உருளையின் மேல் அழுத்திக்கொண்டிருந்தது.

கோதை முதலில் உருளை மேல் இருந்ததில் ஏறி மிதித்தாள். டயர் உரசி, மாவு மில் மாதிரி இரைந்தது. இறங்கி அடுத்ததில் ஏறினாள். சங்கிலி ஓடும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

எதிரே இருந்த திரையில் ஒரு பொம்மைப் பெண் அவளுக்குப் பதிலாக மலைச்சாலையில் போய்க்கொண்டிருந்தாள். ஏற்றம் வந்ததும் மிதி தானாக இறுகியது. கோதைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிம்ப்ரி மெட்ரோ நிலையத்தை ஒட்டிய கடை அது. ரஃபீக் ஆம்பூர்க்காரன். தமிழ் கேட்ட சந்தோஷத்தில் அரை மணி நேரமாக விளக்கிக்கொண்டிருந்தான். முதல் முறை ஏறுபவர்கள் யாரும் இப்படி மிதித்துத் தான் பார்த்ததில்லை, வீட்டுக்காரருக்கு வாங்கினாலும் ஓட்டப்போவது அக்காதான் என்று கேலி செய்தான்.

கருவிகள் இரண்டு. மென்பொருளும் இரண்டு. ஒன்றில் ஊர் ஊராகச் சாலைகள், கூடவே வரும் ஆட்கள், பந்தயம். மற்றதில் படமே கிடையாது. கோடும் எண்ணும்தான். ஆனால் வாரா வாரம் என்ன பயிற்சி செய்ய வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும்.

கோதை எல்லாவற்றையும் கட்டம் போட்ட தாளில் குறித்துக்கொண்டாள்.

சிஞ்ச்வடில் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் அவளுக்கு வேலை. வீட்டிலும் அதே வேலைதான். ஃப்ரிட்ஜ், மகன் தேஜஸின் பள்ளிக்கூடம், இப்போது குடியிருக்கும் வீடு, எதுவானாலும் கணவன் பாலச்சந்திரன் தேவைகளை எழுதிக் கொடுத்துவிடுவான். கோதை உட்கார்ந்து விலையையும் தரத்தையும் ஒப்பிட்டு ‘கம்பேரிட்டிவ்’ போடுவாள். அவள் டிக் அடித்ததை அவன் மறுபேச்சில்லாமல் வாங்கிவிடுவான்.

கல்யாணமான நாளிலிருந்து பதினாறு வருஷப் பழக்கம்.

இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் அவள் கையில் இல்லை. விடிவதற்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடக்வாஸ்லா அணைப் பக்கம் போய்விடுவான். முதலில் டிபனுக்குத் திரும்பிவந்தான். அப்புறம் மதியச் சாப்பாட்டுக்கு. இப்போதெல்லாம் விளக்கு வைத்த பிறகு. கேட்டால், அணைப் பக்கம் காற்று நன்றாக இருந்தது என்பான்.

போன வாரம் சாப்பிடும்போது, தட்டிலிருந்து தலை நிமிராமல், இனிமேல் வீட்டுக்குள்ளேயே ஓட்டப்போவதாகச் சொன்னான்.

அன்றைக்கே கோதை பின்பக்கத்து அறையைக் காலி செய்தாள். ஜன்னலை ஒட்டி அவள் நட்டு வளர்த்த செம்பருத்தி. மிதித்துக்கொண்டே பூவைப் பார்க்கலாம். ஒரு ஸ்டூல் போட்டால் அவளும் காபியோடு பக்கத்தில் உட்காரலாம். ஸ்டூலைக்கூடத் துடைத்து வைத்துவிட்டாள்.

தேவைகள் வழக்கம்போல அவள் மொபைலுக்கு வந்தன. எட்டு வரிகள்.

ஒரே ஆள் தூக்கிவிடக்கூடிய கனம் என்பது இரண்டாவது. என் இடுப்பு வலி அவனுக்கு ஞாபகம் இருக்கிறது என்று கோதை நினைத்துக்கொண்டாள்.

வைஃபை இல்லாமல், மொபைல் டேட்டாவிலேயே ஓட வேண்டும் என்பது நான்காவது. தேஜஸின் ஆன்லைன் வகுப்புக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்றுதான். அதை எழுதவில்லை. அவளாகப் புரிந்துகொண்டாள்.

மென்பொருளுக்கு ஒருவர் சந்தா போதும் என்பது ஐந்தாவது. அது மட்டும் கொஞ்சம் உறுத்தியது. குடும்பச் சந்தா என்றால் சாயங்காலம் அவளும் மிதிக்கலாமே.

ஆனாலும் கேட்கவில்லை. கொள்முதல் பிரிவில் அவளுக்குச் சொல்லித்தந்த முதல் விதி அதுதான். கேட்பவர் எழுதிக் கொடுத்த தேவையைக் கேள்வி கேட்கக் கூடாது. காரணம் இல்லாமல் யாரும் ஒரு வரி எழுதுவதில்லை.

கடைசியில் கணக்கு ஓரிடத்தில் இடித்தது. உருளை வைத்த கருவி லேசானது, ஆனால் இரைகிறது. சத்தம் போடாத கருவியோ இருபத்திரண்டு கிலோ.

அவள் ஏழாவது தேவையை ரஃபீக்குக்கு வாசித்துக் காட்டினாள். கீழ் வீட்டுக்குச் சத்தமோ அதிர்வோ தெரியக் கூடாது.

“அப்ப கனமானதுதாங்க்கா சரி. எத்தனாவது மாடி உங்களுக்கு?”

கோதை பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

நிக்டியில் பதினொரு வருஷமாக அவர்கள் இருப்பது தரைத்தளம்.

அவள் காலி செய்து வைத்திருந்த அறைக்குக் கீழே எந்த வீடும் இல்லை. மண்தான் இருந்தது. செம்பருத்தியின் வேர் அங்கே வரைக்கும் வந்திருக்கலாம்.

மொபைலை எடுத்து மறுபடி முதல் வரியிலிருந்து படித்தாள். தூக்க ஒரே ஆள். வைஃபை இல்லை. ஒருவருக்குச் சந்தா. கீழே யாரோ குடியிருக்கிறார்கள்.

அந்த எட்டு வரிகளுக்குள் ஒரு வீடு இருந்தது. அவள் பார்க்காத வீடு.

அந்த வரிகள் காட்டிக்கொடுத்துவிடும் என்று பாலச்சந்திரனுக்குத் தோன்றக்கூட இல்லை. பழக்கதோஷத்தில், போகப்போகிற வீட்டுக்கும் அவளையே கம்பேரிட்டிவ் போடச் சொல்லிவிட்டான்.

ரஃபீக் காத்திருந்தான். ஏசி அவ்வளவு ஓடியும் அவளுக்கு முதுகு வியர்த்திருந்தது. இவ்வளவு நேரம் மிதித்த வியர்வை.

தாளின் கடைசிக் கட்டத்தில், இருபத்திரண்டு கிலோவுக்கு நேராக, கோதை டிக் அடித்தாள். தூக்கட்டும்.

மென்பொருளில், ஆட்கள் கூட வராததை, கோடும் எண்ணும் மட்டும் இருப்பதை டிக் அடித்தாள். அலுவலகத்தில் செய்வதுபோலவே கீழே தேதியும் கையெழுத்தும் போட்டாள்.

எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று ரஃபீக் கேட்டான்.

அதே தாளின் ஓரத்தில் பாலச்சந்திரனின் எண்ணை எழுதி அவனிடம் நீட்டினாள்.

“அட்ரஸ் அவர்கிட்டயே கேட்டுக்கோ தம்பி. எனக்குத் தெரியாது.”