பகலில் கேட்ட இரைச்சல்

"திருட்டு வாத்தியார்" என்றான் என் அண்ணன் பங்கிராஸ், நாலு பேர் காதில் விழும்படி.

அவன் தினமும் பஸ்ஸில் போய்ப் படிக்கிற பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு விஞ்ஞானக் கண்காட்சி. அய்யா, ஆத்தா, நான் மூன்று பேரும் எங்கள் ஊர் ஆவூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தோம்.

மேசைமேல் அண்ணன் வாத்தியாரிடம் கொடுத்திருந்த நோட்டு. அய்யா பினாங்கிலிருந்து கொண்டுவந்த ரேடியோவில் சூரியனின் இரைச்சலை ஆறு மாசமாகக் கேட்டுக் குறித்தது. அட்டையில் அண்ணன் பேர் இருந்த இடத்தில் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது.

மேலே சுவரில் விளக்கம்:

'சூரியனில் வெடிப்பு நேர்ந்தால் ரேடியோ இரைச்சல் முதலில் வருகிறது. வெடிப்பில் கிளம்பிய துகள் கூட்டம் ஒன்றிரண்டு நாள் கழித்து வருகிறது. அப்போது தூரத்து ஸ்டேஷன்கள் மங்கிவிடுகின்றன. ஒன்பது இரைச்சலில் ஐந்துக்குப் பிறகு மட்டுமே அப்படி மங்கின.'

"பாத்தீங்களா அய்யா? ஒழைக்கிறது நான், பேர் வாங்குறது அவரு. இதெல்லாம் ஒரு பொழப்பு" என்றான் அண்ணன்.

அய்யா நேரே அந்த விஞ்ஞான வாத்தியார் ஞானமணி சாரிடம் போனார்.

"புள்ள பேர்ல தாளை ஒட்டி மறைச்சிருக்கீங்க. என்ன நியாயம் சார் இது? ஹெட்மாஸ்டர்கிட்டப் போகவா?"

கூட்டம் சேர்ந்துவிட்டது. "பையன் நோட்டை வாத்தியார் அமுக்கிட்டாராம்ல" என்று ஒரு குரல்.

நான் வாயைத் திறந்தால் நல்ல வார்த்தை வராது.

சார் பதறவில்லை. நோட்டைப் புரட்டினார்.

"செவ்வாய்க்கெழம, பகல் பதினொன்னரை, இரைச்சல். பங்கிராஸ், அப்ப நீ எங்க இருந்த?"

"கிளாஸ்ல சார்."

"வியாழன், ரெண்டேகால்?"

"கிளாஸ்லதான்."

"சூரியனோட இரைச்சல் பகல்லதான் கேக்கும். நீ ஊர் போய்ச் சேர்றப்ப பொழுது அடைஞ்சிருது. அப்ப வீட்ல உக்காந்து கேட்டது யாரு?"

ஆத்தா என்னைப் பார்த்தாள். 'அந்த ரேடியோப் பெட்டியை அமத்திட்டுக் கடலையை ஒடைடி' என்று தினமும் கத்தினவள் அவள்தான்.

"கேட்டவங்க பேரு எனக்குத் தெரியல. அதான் எடத்தைக் காலியா விட்டுருக்கேன்" என்றார் சார்.

அண்ணன் இளித்தான். "ஒரே வீடு சார். பேரு யாருதா இருந்தா என்ன?"

அஞ்சு நிமிஷம் முன்னால் பேருக்காகக் குதித்தவன்.

சார் சட்டைப்பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கினேன். அந்த வெள்ளைத்தாளில், கிழிந்தாலும் கிழியட்டும் என்று அழுத்தி எழுதினேன்:

'ஆ. மரிய செல்வி. எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள்.'