மத்தியானச் சிக்னல்

"மத்தியானத்துல இந்த சிக்னல அணைச்சி வெக்கச் சொன்னவன் குடும்பம் வெளங்காம போவட்டும்" என்று சொல்லி, ரோட்டோரத்து மண்ணை இரண்டு கையாலும் வாரி, டிராபிக் போலீஸ் அமலா மேல் தூற்றினாள் காத்தாயி.

காக்கிச் சட்டையெல்லாம் புழுதி. அமலா தட்டிவிட்டுக்கொண்டாள்.

செஞ்சி கூட்டுரோட்டு சிக்னல் காலையில் கொஞ்ச நேரம், சாயந்திரம் கொஞ்ச நேரம்தான் எரியும். நடுவில் அவனவன் வண்டி, அவனவன் தலையெழுத்து. நேற்று உச்சி வெயிலில், எதிர்ப்பக்கம் பூ விற்கிற பெண்டாட்டி காத்தாயிக்குச் சோறு எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினான் கன்னியப்பன். வேன் அடித்துப் போட்டது. விழுப்புரம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். இனி நடப்பானா தெரியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"நல்லா கேளும்மா" என்றார் தனசேகரன். ரோட்டு முனையில் பூஜைச் சாமான் கடை வைத்திருப்பவர். மறியலுக்கு ஆள் சேர்த்தவரும் அவர்தான். "மனுசன் உசுரு அவ்ளோ எளக்காரமா பூட்டுதா? பகல் முழுக்க சிக்னல் எரியணும். அது வரைக்கும் ஒரு வண்டி நகராது."

நாலு பேர் செல்போனில் படம் பிடித்தார்கள். தனசேகரன் வருகிற தேர்தலில் வார்டு கவுன்சிலருக்கு நிற்கப் போகிறார் என்று ஊரில் பேச்சு. நிற்கட்டுமே. கன்னியப்பனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டது அவர். காத்தாயிக்கு நாற்காலி போட்டு, சோடா உடைத்துக் கொடுத்ததும் அவர். அவள் கூடப் பிறந்தவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"நீ நல்லா இருக்கணும் அண்ணே" என்று காலில் விழப் போனாள்.

"இன்னாம்மா நீ, எழுந்திரு. இது என் கடமை."

இன்ஸ்பெக்டர் வந்தார். போனில் யாரிடமோ பேசினார். "சரி, இன்னையிலேர்ந்து பகல் பூரா எரியும். கலைஞ்சி போங்க."

ஜனம் ரோட்டை விட்டு ஓரமாக விலகியது. அமலா சிக்னல் பெட்டியைத் திறந்து ஸ்விட்சைப் போட்டாள். சிவப்பு எரிந்தது. வந்த பஸ்ஸெல்லாம் பிரேக் அடித்து நின்றன. காத்தாயிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இந்த வெளிச்சம் நேற்று எரிந்திருந்தால் அந்த மனுசன் சோற்றுத் தூக்கோடு வந்து சேர்ந்திருப்பான்.

கூட்டம் கலைந்தது. சோடா பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று கடைப்பக்கம் போனாள். சிவப்புக்கு நின்ற பஸ் கடையையே மறைத்துக்கொண்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் தனசேகரன் குரல் கேட்டது.

"இன்னா அமலா, நெஜமாவே போட்டுட்ட?"

"நீங்கதான சார் கேட்டீங்க."

"அது ஜனத்துக்குப் பேசினது. நாளன்னிக்கி அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போற காருங்க மத்தியானத்துலதான் எலுமிச்சம்பழம், மாலை வாங்க நிறுத்தும். பஸ்ஸு வந்து இப்படி வாசல்ல நின்னா எவன் எறங்குவான்? இதுக்குத்தான போன வருசம் உங்க பெரிய ஆபீசர் வூடு வரைக்கும் நடையா நடந்து மத்தியானம் அணைக்க வெச்சேன்? இந்தச் சூடு ஆறட்டும். நாளைக்கே சத்தமில்லாம அணைச்சிடு."

"அந்தம்மா மண்ணை வாரித் தூத்தறப்போ நீங்க பக்கத்துலதான் சார் நின்னீங்க."

"உன்மேலதான விழுந்துது. தொடைச்சிக்க."

பஸ்ஸைச் சுற்றிக் கடை வாசலுக்கு வந்த காத்தாயி கையிலிருந்து பாட்டில் நழுவி உடைந்தது. சத்தம் கேட்டு தனசேகரன் திரும்பினார். முகம் செத்துப் போயிற்று.

அவள் மண்ணை வாரக் குனிந்தாள். விரல்தான் தேய்ந்தது.

கடை வாசலிலிருந்து ரோடு வரைக்கும் இழுத்து சிமெண்ட் போட்டு வைத்திருந்தார் தனசேகரன். ஒரு பிடி மண் இல்லை.