நாலு அங்குலம் முன்னால்

“கோழி பீச்சின மாதிரி இருக்கு” என்றார் என் மாமனார் ராய்ஸ்.

பிக்கப் வண்டியின் கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, தரையைப் பார்த்துச் சொன்னார்.

இருக்கையை நான் இன்னும் மாட்டவில்லை. அதைத் தாங்க வேண்டிய இரும்புச் சட்டம் மட்டும் தரையோடு வெல்டிங் செய்யப்பட்டிருந்தது. அந்த வெல்டிங்கைத்தான் சொன்னார்.

“யாரு போட்டது இது?”

“நான்தான்.”

“வேற எவன் போடுவான். என் பொண்ணு பன்னண்டு வயசுல போடுவா பாரு, காசை வரிசையா அடுக்கினாப்ல இருக்கும். அவ வண்டியில வந்து இப்படிக் கழிஞ்சு வச்சிருக்கியே, வெக்கமா இல்ல?”

இந்த ஷெட்டில் அவளைப் பற்றி இப்போது பேசுகிற ஒரே ஆள் அவர். அதுவும் என்னைத் திட்டுவதற்குத்தான்.

வண்டி 1951ஆம் வருடத்து ஷெவர்லே. என் மனைவி கெல்சிதான் அதைக் கண்டுபிடித்தாள். ஒரு மேய்ச்சல் நிலத்தின் வேலியோரம், எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் மரம் முளைத்துக் கிடந்தது. அவள் பாதி முடித்திருந்தாள். ஏப்ரலில் அவளைப் புதைத்தோம். மீதியை நான் முடித்தேன். பிரேக், வயரிங், பெட்ரோல் டேங்க், கதவு ரப்பர் எல்லாம் கேட்டலாக்கைப் பார்த்து வாங்கியவை. அட்டைப் பெட்டிகளில் வந்து இறங்கின.

ராய்ஸ் வீட்டில் கேட்டலாக் என்பதே கெட்ட வார்த்தை. நாற்பது வருடம் ஓக்லஹோமாவின் எண்ணெய்க் குழாய்களுக்கு வெல்டிங் செய்தவர். கையால் செய்ய முடிகிற ஒன்றைக் கடையில் வாங்குகிறவனோடு அவர் சாப்பிட உட்கார மாட்டார்.

“கார்டைத் தேச்சுத் தேச்சே வண்டி கட்டிட்ட. சரி, காலேஜ் படிச்ச கை, அவ்வளவுதான் வரும்னு விட்டேன். ஒண்ணே ஒண்ணு சொந்தமாச் செஞ்சிருக்க. அதையும் நாலு அங்குலம் முன்னால வச்சிருக்க. இதுல மனுசன் எப்படிடா உக்காருவான்? ஸ்டியரிங்கைத் தின்னுட்டா?”

நான் இருக்கைக்கான போல்டுகளை எடுத்து வரிசையாக வைத்தேன்.

அவர் தன் வண்டிக்குப் போனார். திரும்பி வந்தபோது ஒரு கையில் கட்டிங் மெஷின். மறு கையில் ஒரு அட்டைப் பெட்டி.

பெட்டியை என் காலடியில் போட்டார்.

“கடையில வாங்கினது. ஆமா, நான்தான் வாங்கினேன். உன்னால எனக்கு அந்தக் கேவலமும் வந்துருச்சு. இருக்கைக்குத் தண்டவாளம். யாருக்கும் பொருந்தும். இழுத்தா பின்னால போகும், தள்ளினா முன்னால வரும். இப்ப நகரு, அந்த அசிங்கத்தை அறுத்துப் போட்டுடறேன்.”

நான் கதவை மறித்து நின்றேன்.

“நகருடா.”

“சுத்தியலால அடிச்சுப் பாருங்க” என்றேன்.

அவர் நின்றார்.

அது அவருடைய பட்டறையின் வழக்கம். வாங்கியதோ செய்ததோ, எந்தப் பாகமாக இருந்தாலும் மூன்று அடி தாங்க வேண்டும். ஆடினால் குப்பைக்குப் போகும். ஆடாவிட்டால் அதன்மேல் யாரும் கை வைக்கக் கூடாது. மகள் முதன்முதலாகச் செய்த தபால் பெட்டிக் கம்பத்தையும் அப்படித்தான் அடித்தாராம்.

“உனக்கு யார் சொன்னா?”

“கெல்சி.”

பலகையில் கிடந்த பெரிய சுத்தியலை எடுத்தார். முழங்காலிட்டு, தோளை உள்ளே நுழைத்தார்.

முதல் அடியில் ஷெட்டின் தகரம் அதிர்ந்தது. இரண்டாவது அடியை என்னைப் பார்த்துக்கொண்டே அடித்தார். மூன்றாவதற்குச் சுத்தியலை இரண்டு கையாலும் பிடித்தார். அது சட்டத்துக்கான அடி இல்லை.

குனிந்து பார்த்தார். விரலால் தடவினார். மயிரிழை விரிசல்கூட இல்லை.

“அசிங்கம்” என்றார். “ஆனா கெட்டியாப் புடிச்சிருக்கு. அதுக்காக நீ மனுசனாகிட்டேன்னு நினைக்காத.”

சுத்தியலைத் தரையில் போட்டார். பெட்டியை எடுக்காமல் போனார். அவர் வண்டி கிளப்பிய செம்மண் கதவுவரை வந்து அடங்கியது.

நான் இருக்கையைத் தூக்கிச் சட்டத்தின்மேல் வைத்து போல்டுகளை முறுக்கினேன்.

மார்ச்சில் கெல்சி அந்தச் சட்டத்தை வைத்தாள். புற்றுநோய் மருந்தில் விரல்கள் மரத்துப்போயிருந்தன. ஒரு கையை மறு கையால் பிடித்துக்கொண்டு வெல்டிங் செய்தாள். நான்கு முறை கை நழுவியது. முடித்ததும் அதைப் பார்த்துச் சிரித்தாள்.

“எங்கப்பா கேட்டா நீ போட்டேன்னு சொல்லிடு. அவர்கிட்ட எனக்கு ஒரு பேரு இருக்கு.”

அவள் ஐந்தடி. கிளட்சுக்குக் கால் எட்டும் இடத்தைத் தரையில் உட்கார்ந்து பார்த்து, சாக்கட்டியால் கோடு போட்டிருந்தாள்.

“நகர்த்துற மாதிரி வச்சுக்கலாமே” என்றேன்.

வெல்டிங் முகமூடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

“எதுக்கு? எனக்கப்புறம் எவளாவது நெட்டச்சி இதுல வந்து உக்காந்தா, முட்டி இடிச்சே சாகட்டும்.”

ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினேன்.

இடிக்கிறது.