ஒரு கோலுக்கு நூறு டொலர்

பந்து நேரே வந்து அருள்நாயகத்தின் நெஞ்சில் அடித்தது. அவர் பயத்தில் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அதே நேரம் ஆட்டம் முடிந்ததற்கான சைரன் ஊதியது.

ஆனால் ஒருவரும் மைதானத்தை விட்டுப் போகவில்லை. ஆஸ்திரேலியக் கால்பந்தில், உதைத்து வந்த பந்தை நிலத்தில் விழாமல் பிடித்தவர், நேரம் முடிந்த பிறகும் ஒருமுறை உதைக்கலாம். யாரும் குறுக்கே வர முடியாது.

இரண்டு அணிகளுக்கும் நாற்பத்துநான்கு புள்ளிகள்.

அருள்நாயகத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. கனடாவில், ஸ்காபரோவில் சோபாக் கடை வைத்திருக்கிறார். பல்கலைக்கழகக் கழகத்தின் சட்டை அவருடைய வயிற்றில் பாதியைத்தான் மூடியிருந்தது.

இருபது மீற்றர் தள்ளிக் கம்பங்கள் நின்றன. நடுவில் உயரமாக இரண்டு, பக்கத்துக்கு ஒன்றாகக் குட்டையாக இரண்டு. உயரமானவற்றுக்கு இடையில் போனால் கோல், ஆறு புள்ளிகள். தவறிப் பக்கத்து இடைவெளியால் போனாலும் ஒரு புள்ளி உண்டு.

கம்பங்களுக்குப் பின்னால், கோலைத் தீர்மானிக்கும் வெள்ளைத் தொப்பியோடு நிரூபா நின்றாள். அவள்தான் கழகத்தின் பொருளாளர். கோலைத் தீர்மானிக்கத் தனியாக ஆள் பிடிக்கக் கழகத்தில் காசு இருக்கவில்லை.

ஏப்ரலில் உதவி கேட்டு அவருடைய கடைக்குப் போனவளும் அவள்தான்.

கால்பந்து என்றதும் அருள்நாயகம் தொலைக்காட்சியில் பார்க்கும் ஆட்டத்தை நினைத்தார். தொண்ணூறு நிமிடம் ஓடினாலும் ஒரு கோல், மிஞ்சினால் இரண்டு. மூன்று வருடமாக ஓர் ஆட்டத்திலும் வென்றதில்லை என்று நிரூபா உண்மையைச் சொன்னபோது, அவருக்கு இந்த அணியை இன்னும் பிடித்துப்போயிற்று. ஒரு கோலுக்கு நூறு டொலர் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். சட்டைகளின் முதுகில் கடையின் பெயர் ஏறியது.

முதல் ஆட்டத்தில் பதின்மூன்று கோலுக்கு ஐந்து என்று படுதோல்வி.

"தோத்தவன் எப்பிடி அஞ்சு கோல் போடுவான்?" என்று அவர் ஃபோனில் கத்தினார்.

இரண்டாவது ஆட்டத்துக்கு அவரே வந்தார். மடக்குக் கதிரையை எதிரணியின் பக்கத்தில் விரித்து, எதிரணிக்காகத் தொண்டை கிழியக் கத்தினார். எங்கள் பெடியள் கோல் போட்டால் நெஞ்சில் கைவைத்தார். பந்து பக்கத்தால் போய் ஒரு புள்ளி விழுந்தால் எழுந்து நின்று கைதட்டினார். அதற்குக் காசு இல்லை.

ஆனாலும் ஒவ்வொரு சனிக்கிழமையும், புறுபுறுத்தபடியே, காசோலை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். மைதான வாடகையும் நடுவரின் சம்பளமும் அதிலிருந்துதான் போயின. இன்றுவரை முப்பத்தைந்து கோல். சோபா விற்பனை படுத்துவிட்டது என்று மனைவி வேரோனிக்காவுக்குச் சொல்லியிருந்தார்.

இன்று கடைசி ஆட்டம். இந்த வருடமும் ஒரு வெற்றிகூட இல்லையென்றால் கழகத்தைக் கலைத்துவிடுவதாகப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது.

ஒன்பது பேர் விளையாடவேண்டிய இடத்தில் எட்டுப் பேர்தான் வந்தார்கள். ஒன்பதாவது ஆள் றோய் ரயிலைத் தவறவிட்டு ஒஷாவாவிலேயே நின்றான். ஆள் குறைந்தால் ஆடாமலே எதிரணிக்கு வெற்றி.

அணித்தலைவன் சுலக்சன் மடக்குக் கதிரைக்கு ஓடினான். மாட்டேன் என்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆட்டம் இல்லையென்றால் கோலும் இல்லை, செலவும் இல்லை.

அருள்நாயகம் எழுந்து கதிரையை மடக்கி வைத்தார். பிறகு சட்டையை வாங்கினார்.

எங்கள் கோலை மறிக்கத்தான் மனுசன் உள்ளே வருகிறார் என்று பெடியள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள்.

ஆட்டம் முழுக்க அவர், எங்கள் அணி கோல் போடவேண்டிய கம்பங்களுக்கு முன்னால் ஒரே இடத்தில், இடுப்பில் கைவைத்தபடி நின்றார். ஒருவரையும் மறிக்கவில்லை. ஓடவும் இல்லை.

இப்போது பந்து அவருடைய கையில்.

சுலக்சன் மூச்சுவாங்க ஓடிவந்தான். "அங்கிள், ஒரு பொயின்ற் காணும்! சைட்டாலை அடியுங்கோ. நாங்களும் வெல்லுவம், உங்களுக்கும் காசு மிச்சம்!"

அவர் தலையாட்டினார்.

நான்கு அடி ஓடி உதைத்தார். சட்டை முதுகில் கிழிந்தது.

முட்டை வடிவப் பந்து காற்றில் கரணமடித்து, இடப்பக்கம் சரிந்து, உயரக் கம்பத்துக்கு ஒரு முழம் வெளியால், பக்கத்து இடைவெளிக்குள் போய் விழுந்தது.

நிரூபா ஒற்றை விரலை உயர்த்தினாள். பிறகு ஒரே ஒரு கொடியை எடுத்து அசைத்தாள்.

நாற்பத்தைந்துக்கு நாற்பத்துநான்கு.

பெடியள் அவரைத் தூக்கினார்கள், போட்டார்கள், மறுபடி தூக்கினார்கள். நூறு டொலரையும் மிச்சம்பிடித்துக் கழகத்தையும் காப்பாற்றிய மூளை என்று சுலக்சன் அவருடைய நெற்றியில் முத்தமிட்டான். எதிரணித் தலைவன்கூட வந்து கைகொடுத்தான். அருள்நாயகம் பேரம் படிந்த வியாபாரி மாதிரிச் சிரித்துக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

வாகனத் தரிப்பிடத்தில், தன்னுடைய வான் வண்டியின் முன்பக்கப் பொனற்றில் வைத்துக் காசோலை எழுதினார். நொண்டியபடி வந்து நிரூபாவிடம் நீட்டினார்.

எழுநூறு டொலர்.

"அங்கிள், இண்டைக்கு ஆறு கோல்தான்."

அவர் பேனையை மூடினார். பெடியள் தூரத்தில் பாடிக்கொண்டு நிற்பதை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"நான் நடுவுக்குத்தான் அடிச்சனான், பிள்ளை," என்றார். "உவங்களுக்குச் சொல்லிப்போடாதை."