கோமதிநாயகத்தின் கை

"தீந்துபோச்சு ஷிஜா. டப்பாவ வழிச்சுத் தேச்சாச்சு," என்றாள் ஆவுடைத்தாய், வாசலை மறித்து நின்றுகொண்டு.

அவள் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் களிம்பு டப்பா நிறைந்திருந்தது. அவசரத்தில் மூடியைக்கூட அவள் போட்டிருக்கவில்லை. பக்கத்து வீட்டு ஷிஜாவின் கண் நேரே அங்கேதான் போயிற்று.

"அக்கா, அவருக்குக் கை வெடிச்சு ரத்தமா வருது, கேட்டோ. சோத்தக்கூட ஸ்பூன்லதான் திங்காரு. கொஞ்சம்போலத் தந்தா போதும்."

"இருந்தாத் தரமாட்டனா?"

"பின்னே அந்த அலமாரில இருக்கது என்னதாம்?"

"அது... அது எங்க வீட்ல அவியளுக்குள்ளது."

"ஓ, அண்ணனுக்கு மட்டும்தானா? செரி, இருக்கட்டு," என்று ஷிஜா விருட்டென்று திரும்பிப் போனாள். கிள்ளிப்பாலத்து லைன் வீடுகளில் ஒருத்தி முகத்தைத் தூக்கிக்கொண்டு போனால் வரிசை முழுக்கத் தெரிந்துவிடும்.

ஆவுடைத்தாய் கதவைச் சாத்திவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். கஞ்சப் பிசினாறி என்று ஷிஜா நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். உண்மை தெரிந்தால் காறித் துப்புவாள்.

ஆவுடைத்தாயின் புருஷன் கோமதிநாயகம் கொத்தனார். சங்கரன்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்த நாள் முதல் சிமென்ட் அவன் கையைத் தின்றுகொண்டிருந்தது. குப்பைமேனி, வேப்பிலை, கற்றாழை மூன்றையும் இடித்துப் பிழிந்து, தேங்காயெண்ணெயில் சலசலப்பு அடங்கும்வரை காய்ச்சி, வித்துராவிலிருந்து வரும் தேன்மெழுகைக் கரைத்து அவள் களிம்பு செய்வாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அடுப்படியிலேயே போய்விடும். அது எரிச்சலைத் தணிக்கும். வெடிப்பு மட்டும் ஒருபோதும் முழுசாக மூடியதில்லை.

நகரத்தின் கோடியிலுள்ள கழக்கூட்டத்தில் ஐ.டி. பிள்ளைகள் தங்கும் ஹாஸ்டலில் அவளுக்குச் சமையல் வேலை கிடைத்த பிறகு ஞாயிறும் இல்லை, உடம்பில் தெம்பும் இல்லை. ஒருநாள் அவன் வருகிற நேரத்தில் டப்பா காலியாகக் கிடந்தது. வெறும் தேங்காயெண்ணெயைச் சூடாக்கி, கரண்ட் போனால் ஏற்ற வைத்திருந்த மெழுகுவர்த்தியில் பாதியை உருக்கி ஊற்றி, நிறத்துக்கு மஞ்சளும் வாசனைக்குக் கற்பூரமும் போட்டு ஆற வைத்தாள். இந்த ஒரு தடவைதான் என்று தனக்குத் தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். அந்த ஒரு தடவை மாதக்கணக்கில் நீண்டுவிட்டது.

கொடுமை என்னவென்றால், அதைத் தடவித்தான் அவன் கை ஆறிற்று. வெடிப்பெல்லாம் மூடி, உள்ளங்கையில் புதுத்தோல் வந்துவிட்டது. ஒருநாள் அவள் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது, "எல்லாம் ஓம் மருந்துதாம்ளா," என்றான் அவசரமாக.

அவன் சட்டையை அலசினால் வாளித் தண்ணீர்கூட இப்போதெல்லாம் கலங்குவதில்லை. மனுஷன் அவ்வளவு சூதானமாக வேலை பார்க்கிறான், நாம்தான் அவனை ஏமாற்றுகிறோம் என்று மருகினாள். இசக்கியம்மன்தான் தன் திருட்டுத்தனத்தைப் பொறுத்துக்கொண்டு அவன் கையைக் காப்பாற்றுகிறாள் என்று நம்பினாள்.

ஷிஜாவின் புருஷன் பிரவின்ராஜ் வேறொரு காண்ட்ராக்டரிடம் கான்கிரீட் வேலை பார்ப்பவன். அவனையும் அம்மன் காப்பாற்றுவாளா? ரத்தம் வருகிற புண்ணில் தடவ மெழுகுவர்த்தியை எப்படிக் கொடுப்பது?

இருட்டுகிற நேரத்தில் கோமதிநாயகம் வந்தான். வழியிலேயே ஷிஜா அவனைப் பிடித்து முறையிட்டிருந்தாள்.

"ஏளா, இது என்ன கூத்து? பக்கத்து வீட்டுக்காரிக்கு இல்லன்னா சொல்லுவ? பாவம், அந்தப் பய வேலைக்குப் போக முடியாமக் கெடக்கான்." டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.

அவள் ஓடிப்போய் மறித்தாள். "அதக் குடுக்காதீய. அதுல மருந்தே கெடையாது."

"என்ன சொல்லுத?"

"வெறும் எண்ணெயும் மெழுகுவத்தியுந்தான். எலயே இடிக்கல. இம்புட்டு நாளா ஒங்கள ஏமாத்திட்டேன்." அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நீங்க பாட்டுக்கு எம் மருந்தப் பத்தி ஊரெல்லாம் பெருமை பேசுதீய. எனக்கு ஒடம்பே கூசுது."

கத்தப் போகிறான் என்று காத்திருந்தாள். அவனோ டப்பாவைத் திரும்ப அலமாரியிலேயே வைத்தான்.

"செரி, விடு. அழாத."

"எப்பிடி விடுவேன்? ஒங்க கைய வச்சுத்தான நம்ம குடும்பம் ஓடுது? நாளையிலேருந்து ஹாஸ்டல் வேலைக்குப் போவல. வீட்ல இருந்து ஒழுங்கா மருந்து காய்ச்சி ஒங்கள கவனிச்சிக்கிடுதேன். வார்டன் மேடத்துக்கு இப்பவே சொல்லிருதேன்." அவள் செல்போனை எடுத்து நம்பரைத் தேடினாள்.

"வேண்டாம்ளா. போன வையி."

"எஞ் சம்பளம் என்ன பெருசு? ஒங்க கைதான் பெருசு."

கோமதிநாயகம் போனை அவளிடமிருந்து மெல்ல வாங்கிக்கொண்டான். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"சிமென்டத் தொட்டாத்தானளா கை வெடிக்கும்? ஓணத்தோட வேல போச்சு, லாட்டரிச் சீட்டுல்லா விக்கேன்."