கைக்கு வந்த பந்து

"வெள்ளைப் பந்தைக் கீழ வையுங்க சம்பந்தி," என்று வியாகுலத்தின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார் யாகப்பன்.

"ஃபவுல் பண்ணது நீங்க. இனிமே பந்து என்னுது. எங்க வேணா வெச்சு அடிப்பேன்."

"அதெப்படிங்க? அது கெடக்கிற எடத்துலருந்துதான் அடிக்கணும். கையில தொடவே கூடாது."

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து மாதா கோவில் ஹாலில், அந்தக் காலத்து வெள்ளைக்காரச் சாமியார் விட்டுப்போன பில்லியர்ட்ஸ் மேஜை அது. மேஜையில் இருக்கும் பந்துகளில் சின்ன நம்பரைத்தான் வெள்ளைப் பந்தால் முதலில் தொட வேண்டும். ஒன்பதாம் நம்பரைக் குழியில் போட்டவர் ஜெயித்தவர். எட்டும் ஒன்பதும் மட்டும் மிச்சமிருந்த நேரத்தில், யாகப்பன் அடித்தது எட்டை விட்டுவிட்டு ஒன்பதில் போய் இடித்தது.

பந்தயம் லேசுப்பட்டதல்ல. மறுநாள் காலை இருவருக்கும் பொதுவான பேத்திக்கு ஞானஸ்நானம். வியாகுலம் ஜெயித்தால் குழந்தைக்கு அவருடைய அம்மா பெயர், மிக்கேலம்மாள். யாகப்பன் ஜெயித்தால் அவருடைய அம்மா பெயர், ராயம்மாள்.

பெற்றவள் ராஜமேரிக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. "ஜெசிந்தான்னு வெக்கலாமே," என்று முந்தின நாள் காப்பி கொடுக்கும்போது மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். சர்க்கரை கம்மி என்றார் அப்பா யாகப்பன். ஆமாம் என்றார் மாமனார் வியாகுலம். சம்பந்திகள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"எதுக்குச் சண்டை? கேசட்டைப் போட்டுப் பாத்துருவோம்," என்றான் அவள் கணவன் சவரி. விசேஷத்துக்காக அரூரிலிருந்து டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, டெக்கை மடியிலேயே வைத்துப் பஸ்ஸில் வந்திருந்தான். கப்பலில் வேலை பார்க்கும் அவன் அண்ணன், மணிலாவில் கப்பல் நின்றபோது வாங்கி அனுப்பிய, இதே ஆட்டத்தின் வீடியோ கேசட்டுகள் இரண்டு இருந்தன.

முதல் கேசட் பத்துப் பதினைந்து வருஷத்துப் பழைய ஆட்டம். ஆடியவர்கள் பெல்பாட்டம் போட்டிருந்தார்கள். ஒருவன் ஃபவுல் செய்ததும், எதிராளி பந்தைத் தொடாமல் கிடந்த இடத்திலிருந்தே அடித்தான்.

"பாத்தீங்களா?" என்றார் யாகப்பன்.

இரண்டாவது கேசட் புதுசு. அதே ஃபவுல்தான். ஆனால் எதிராளி வெள்ளைப் பந்தைக் கையில் எடுத்து, தனக்குத் தோதான இடத்தில் வைத்து அடித்தான்.

"இப்ப நீங்க பாருங்க," என்றார் வியாகுலம்.

படத்துக்குப் பின்னாலிருந்து ஒருவன் மூச்சு விடாமல் பேசிக்கொண்டே இருந்தான். நடுநடுவே வந்த "ஃபவுல்" மட்டும்தான் கேட்டவர்களுக்குப் பிடிபட்டது. விளக்கம் கேட்கலாமென்றால் பங்குச் சாமியார் சேலம் போயிருந்தார்.

"பிளஸ் டூ படிச்ச பொண்ண வூட்டுல வெச்சுக்கிட்டு நாம எதுக்கு முழிக்கணும்?" என்றார் வியாகுலம். "கண்ணு, அவன் இங்கிலீஷுல என்ன சொல்றான்னு கேட்டுச் சொல்லு. இது நேர்மையா முடியணும்."

நேர்மை என்றால் வியாகுலத்துக்கு உயிர். தொலைந்துபோன டார்ச் லைட்டைக் கொண்டுவந்து கொடுத்தவனுக்கு, கண் கலங்கி அந்த டார்ச் லைட்டையே பரிசாகக் கொடுத்து அனுப்பிய மனிதர்.

ராஜமேரி தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இரண்டு தடவை ரீவைண்ட் செய்யச் சொன்னாள். புருவத்தைச் சுருக்கிக் கேட்டாள். யாகப்பன் மகளை நம்பிக்கையோடு பார்த்தார்.

"முன்னாடியெல்லாம் அப்பா சொல்ற மாதிரிதான் ஆடுவாங்களாம். ரெண்டு வாட்டி தப்புப் பண்ணாத்தான் பந்து அடுத்தவங்க கைக்குப் போவுமாம்," என்றாள். யாகப்பன் மீசையைத் தடவினார். "ஆட்டம் இழுத்துக்கிட்டே போவுதுன்னு இப்ப மாத்திட்டாங்களாம். ஒரு தப்புக்கே கையில எடுத்துக்கலாமாம். மாமா சொல்றதுதாம்பா சரி."

யாகப்பனின் கை மீசையிலேயே நின்றுவிட்டது. "பெத்த அப்பனுக்கு நல்லா செஞ்ச கண்ணு," என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

வியாகுலம் வெள்ளைப் பந்தை ஆற அமர வைத்தார். எட்டு விழுந்தது. பின்னாலேயே ஒன்பதும் விழுந்தது.

ஆனால் ஜெயித்த மனிதர் துள்ளவில்லை. கோலைச் சுவரில் சாய்த்துவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சொந்த அப்பனுக்காகக்கூட ஒரு வார்த்தை மாத்திச் சொல்லல பாருங்க. இந்த மனசுக்கு முன்னாடி எங்கம்மா பேரு என்னங்க பெருசு? கண்ணு, பேர நீயே வெச்சுக்க. என்னமோ சொன்னியே, ஜெசிந்தாவோ என்னவோ."

அன்று மாலை சேலத்திலிருந்து வந்த சாமியாரிடம் இந்தக் கதையைச் சொல்லாத ஆளில்லை. அவரும் ஆசைப்பட்டு அந்தக் கேசட்டுகளைப் போட்டுப் பார்த்தார்.

மறுநாள் பூசை முடிந்தது. ராஜமேரி குழந்தையை ஏந்தி நிற்க, பின்வரிசையில் வியாகுலம் பக்கத்தில் இருந்தவரிடம் மருமகளின் நேர்மையைப் பற்றி இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார். சாமியார் தண்ணீர்க் கிண்ணத்தைக் கையில் எடுத்தவர், அவள் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"ராஜமேரி, நானும் ரெண்டு கேசட்டையும் கேட்டேன். ஃபவுலுங்கற ஒரு வார்த்தையத் தவிர அவன் பேசறது இங்கிலீஷே இல்லியேம்மா. அது அந்த மணிலாக்காரங்க பாஷையாச்சே. உனக்கு எப்படிம்மா புரிஞ்சுது?"

ராஜமேரி பின்வரிசையை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"மொதல்ல தண்ணிய ஊத்துங்க சாமி."